ஆயில் குடிக்கிற காருக்கு பர்சனல் லோன் எடுக்கலாமா?



பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து நம்ம சேனலுக்கு வர்ற கேள்விகள் பெரும்பாலும் நகைக்கடன், பி.எஃப்., வருமான வரி இதைச் சுத்தித்தான் இருக்கும். இப்போ கொஞ்ச நாளா புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. ஆளுக்கு ஆள் வார்த்தை மாறினாலும் விஷயம் ஒண்ணுதான்: "சார், செகண்ட் ஹேண்ட்ல கார் வாங்கினேன். ஆயில் குறைஞ்சுகிட்டே போகுது. மெக்கானிக் ரிங் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும், 75,000 ஆகும்னு சொல்றார். பேங்க் ஆப்ல ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன் காட்டுது. எடுத்துடலாமா?"

என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்னும் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு கணக்கு எழுதிப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. அந்தக் கணக்கு வந்த பிறகும் பலருக்கு லோன் தேவைப்படாது என்பது என் கருத்து.

நான் சி.ஏ., மெக்கானிக் இல்லை. ஆனா இந்த முடிவுல பாதிதான் மெக்கானிக்கோட வேலை. எது தேஞ்சிருக்குன்னு அவர் சொல்லுவார். ரூ. 1,80,000 மதிப்புள்ள வண்டிக்குள்ள ரூ. 75,000-ஐக் கொண்டுபோய்ப் போடலாமா என்பது உங்க சம்பளம், உங்க கடன், இன்னும் எத்தனை வருஷம் அந்த வண்டியை வச்சிருக்கப் போறீங்க என்பதைப் பொறுத்த விஷயம். அதை அவர்கிட்ட கேட்டா, பாவம், அவர் என்ஜினைப் பத்தித்தான் பதில் சொல்லுவார்.

என்கிட்ட கணக்கு எழுதக் கொடுக்கிற லாரி ஓனர்கள் சிலர் இருக்காங்க. சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லோடு அடிக்கிறவங்க. எந்த லாரி எவ்வளவு ஆயில் குடிக்கும்னு அவங்களுக்கு மனப்பாடம். டிரைவர் நோட்டுல டீசலுக்குக் கீழேயே "ஆயில் 1 லி" என்று இருக்கும். டயர், டோல், கிரீஸ் மாதிரி அதுவும் ஒரு ஓட்டச் செலவு. அந்த நம்பர் திடீர்னு எகிறினாத்தான் வண்டியை ஷெட்டுக்கு அனுப்புவாங்க. மாசம் 40,000 சம்பளம் வாங்கி, எக்செல்ல நாள் முழுக்க வேலை பார்க்கிற நம்ம ஆளுக்குத் தன் காரோட ஆயில் நம்பர் தெரியாது. "குறையுது சார்" என்பதோட நின்னுடுவார். எவ்வளவு குறையுதுன்னு தெரியாதவர்கிட்ட யார் எந்த எஸ்டிமேட் கொடுத்தாலும் நியாயமாத்தான் தெரியும்.

ஆயில் எங்கே போகுது?

எல்லா என்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். பிஸ்டனும் சிலிண்டரும் உரசாம இருக்க நடுவுல ஒரு மெல்லிய ஆயில் படலம் தேவை. அதில் ஒரு துளி பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சு போகும். அது அளவு மீறிப் போறதுக்குக் காரணங்கள் பல. அதில் மலிவானதும் இருக்கு, விலை உயர்ந்ததும் இருக்கு. எடுத்த எடுப்பிலேயே விலை உயர்ந்ததை நம்பிடுறதுதான் நம்மகிட்ட இருக்கிற பழக்கம்.

முதல்ல வெளியே ஒழுகுதான்னு பார்க்கணும். டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், ட்ரெயின் போல்ட் வாஷர். ராத்திரி வண்டிக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டு வச்சா காலையில தெரிஞ்சிடும். அடுத்து பி.சி.வி. வால்வு. என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியைத் திரும்ப உள்ளே இழுத்து எரிக்கிற சின்ன உருப்படி. அது அடைச்சுக்கிட்டாலோ, திறந்தபடி மாட்டிக்கிட்டாலோ ஆயிலும் சேர்ந்து போகும். பல கார்களில் சில நூறு ரூபாய் சமாச்சாரம். அப்புறம் வால்வ் சீல். வெயில்லயும் சூட்டுலயும் ரப்பர் இறுகி, ஆயில் மேலிருந்து கசியும். கடைசியா பிஸ்டன் ரிங். மெக்கானிக் சொன்ன 75,000 இதுக்குத்தான். டர்போ இருக்கிற வண்டின்னா டர்போ சீலும் ஒரு சந்தேகப் பட்டியல்ல வரும்.

புகையைப் பார்த்தே ஓரளவு பிரிக்கலாம். காலையில முதல் ஸ்டார்ட்டுல மட்டும் ஒரு நீலப் புகை வந்து அப்புறம் நின்னுட்டா வால்வ் சீல் மேல சந்தேகம். ஆக்சிலரேட்டரை மிதிச்சு வேகம் எடுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தா ரிங் மேல சந்தேகம். கறுப்புப் புகை எரிபொருள் சரியா எரியாததால வர்றது, அது வேற வியாதி. ஆயில் மூடியைத் திறந்தா உள்ளே மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா கூலன்ட் கலந்திருக்கலாம். அதைத் தள்ளிப் போடாம உடனே காட்டுங்க.

ரிங்தானா என்று உறுதியாகத் தெரிய கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கு. ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்வளவுன்னு மீட்டர் வச்சுப் பார்ப்பாங்க. குறைவா இருக்கிற சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாங்க. அழுத்தம் நல்லா ஏறினா ரிங் தேய்மானம், ஏறலைன்னா வால்வ் பக்கம் பிரச்சினை. என்ஜினை இறக்கத் தேவையே இல்லாத டெஸ்ட் இது. 75,000 எஸ்டிமேட் கொடுத்தவர் இந்த ரீடிங்கை எழுதிக் கொடுத்தாரான்னு கேளுங்க. "புகையைப் பார்த்தாலே தெரியும் தம்பி" என்று சொன்னா, அவருக்கு அனுபவம் இருக்கலாம், ஆனா 75,000 உங்க பணம். ரீடிங் வேணும்னு மரியாதையா சொல்லிட்டு வாங்க.

உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு

ஆயில் குடிக்கிறதால என்ஜின் ஒரு நாள்ல சாகறதில்லை. ஆயில் தீர்ந்த பிறகும் ஓட்டினா அன்னைக்கே போயிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் ஒரு கேஜ் கம்பி.

சின்ன பெட்ரோல் கார்கள்ல பலதுக்கு மொத்த ஆயிலே 3 முதல் 3.5 லிட்டர்தான். கேஜ் கம்பியில மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஏறக்குறைய 1 லிட்டர். சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு வைங்க. உங்க வண்டி 2,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் குடிக்குது. அப்போ ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல 5 லிட்டர் போயிருக்கும். உள்ளே இருந்ததே 3.5 லிட்டர். "சர்வீஸ் விடும்போது அவங்க பார்த்துப்பாங்க" என்று இருந்தா, பாதி வழியிலேயே கதை முடிஞ்சிடும்.

டேஷ்போர்டுல ஆயில் விளக்கு எரியுமே என்று கேட்பீங்க. பெரும்பாலான வண்டிகள்ல அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அளவைக் காட்டறதில்லை, அழுத்தத்தைக் காட்டுது. பம்ப் உறிஞ்ச ஆயில் கிடைக்காம அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அது எரியும்போது பேரிங் ஏற்கனவே காஞ்சு ஓட ஆரம்பிச்சிருக்கும். எரிஞ்சா ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தணும். அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறதெல்லாம் கூடாது.

சென்னையில வேலை பார்த்துட்டு வாரக்கடைசியில ஊருக்கு வர்றவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. தாம்பரம் தாண்டி விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியா பெரம்பலூர் வந்து திரும்பிப் போனா 500 கிலோமீட்டருக்கு மேல. 500-க்கு 1 லிட்டர் குடிக்கிற வண்டியில கீழ் கோட்டுல கிளம்பினா, திங்கட்கிழமை காலையில திரும்பும்போது தொழுதூர் பக்கம் எங்கேயோ நிப்பீங்க. வெள்ளிக்கிழமை கிளம்பும் முன்னாடி 2 நிமிஷம், ஞாயிறு கிளம்பும் முன்னாடி 2 நிமிஷம். பையில 1 லிட்டர் கேன்.

1,000 கிலோமீட்டர் கணக்கு

சமதளமான ஒரே இடம். ராத்திரி முழுக்க நின்ன வண்டி, காலையில ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி. கம்பியை எடுத்துத் துடைச்சு, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க. மேல் கோடு வரைக்கும் ஆயில் நிரப்புங்க, தாண்ட வேண்டாம். அதிகமா ஊத்தினா நுரை கட்டி, அதுவும் எரிஞ்சு, உங்க கணக்கே தப்பாயிடும். ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்குங்க. 1,000 கிலோமீட்டர் ஓடின பிறகு அதே இடம், அதே காலை நேரம், மறுபடி அதே கோடு வரைக்கும் நிரப்புங்க. எத்தனை மில்லி ஊத்துனீங்களோ அதுதான் உங்க வண்டியோட நம்பர். நடுவுல வாராவாரம் கம்பியைப் பார்த்துக்கிட்டே இருங்க, கீழ் கோட்டைத் தொட்டா அளந்து ஊத்தி அதையும் எழுதுங்க.

பெரிய கம்பெனியே இப்படித்தான் பண்ணுச்சு. அமெரிக்காவுல டொயோட்டாவோட 2.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஒண்ணு, 2007 முதல் 2009 வரைக்கும் வந்த கேம்ரி உட்பட சில மாடல்கள்ல இருந்தது, அளவு மீறி ஆயில் குடிக்குதுன்னு புகார் மேல புகார். வழக்கும் போனாங்க. கடைசியில பிஸ்டன், ரிங் மாத்திக் கொடுக்க வாரண்டியை நீட்டிச்சாங்க. ஆனா வந்தவங்க எல்லாருக்கும் மாத்தலை. முதல்ல டீலர்கிட்ட ஆயிலை நிரப்பி, 1,200 மைல் ஓட்டிட்டு வரச் சொல்லி, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளந்தாங்க. ஒரு குவார்ட்டுக்கு மேல குறைஞ்சிருந்தாத்தான் வேலை. நம்ம கணக்குல ஏறக்குறைய 2,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர். தப்பு தன் பக்கம் இருந்தும் அளக்காம காசு செலவு பண்ணலை அந்தக் கம்பெனி. அளக்காம 75,000 செலவு பண்ண நமக்கு மட்டும் என்ன அவசரம்?

இன்னொரு பக்கமும் சொல்லணும். சில ஐரோப்பிய கார்களோட மேனுவல்ல 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கும். சர்வீஸ் சென்டர்ல அதைக் காட்டி "இது நார்மல் சார்" என்று அனுப்பிடுவாங்க. அந்த "நார்மல்" வாரண்டிக்காக எழுதின வார்த்தை. அதுக்கு மேல போனாத்தான் நாங்க பொறுப்புன்னு அர்த்தம். உங்க பர்ஸுக்கு நார்மலான்னு அந்த மேனுவல் சொல்லாது. வாரண்டி இருக்கிற வண்டின்னா ஒவ்வொரு தடவையும் குறைஞ்ச அளவை ஜாப் கார்டுல எழுத வைங்க. வாய்ல சொன்னது எதுவும் ரெண்டு வருஷம் கழிச்சு நிக்காது.

இப்போ ரூபாய்க்கு வருவோம்

பெரம்பலூர்ல வீடு, அரியலூர்ல வேலைன்னு வைங்க. போக வர சுமார் 60 கிலோமீட்டர். மாசம் 24 நாள், சொந்த வேலை கொஞ்சம் சேர்த்து 1,500 கிலோமீட்டர். ஆயில் லிட்டர் ரூ. 450 என்று வச்சுக்குவோம்.

1,500 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் குடிச்சா மாசச் செலவு ரூ. 450. அதே மாசம் பெட்ரோலுக்கு, லிட்டருக்கு 16 கிலோமீட்டர், விலை ரூ. 102 என்று போட்டா, சுமார் ரூ. 9,500 போகுது. ஆயில் அதுல 5 சதவீதம்கூட இல்லை. இப்போ லோனைப் பாருங்க. ரூ. 75,000, 14 சதவீத வட்டி, 24 மாசம். இ.எம்.ஐ. சுமார் ரூ. 3,600. மொத்தம் கட்டுறது ரூ. 86,400 சொச்சம், ப்ராசஸிங் கட்டணம் தனி. மாசம் 450 ரூபாய் பிரச்சினையைத் தீர்க்க மாசம் 3,600 ரூபாய் கட்டப் போறீங்க. வட்டியை விட்டுட்டு அசலை மட்டும் எடுத்தாலே, 75,000 திரும்பி வர கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும். ஏற்கனவே 10 வருஷம் ஓடின வண்டி அது.

500-க்கு 1 லிட்டர்னா கணக்கு மாறுது. மாசம் 3 லிட்டர், ரூ. 1,350. திரும்பி வர நாலரை வருஷம். இங்கே ஆயிலோட விலை மட்டும் போதாது, கூட வர்றதையும் பார்க்கணும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். எரிஞ்ச ஆயிலோட சாம்பல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மெல்ல மெல்லக் கெடுக்கும், அது விலை உயர்ந்த உருப்படி. புகை சர்டிஃபிகேட் வாங்குறதும் சிரமமாகலாம். வண்டி மத்தபடி நல்லா இருந்து, இன்னும் 5 வருஷம் வச்சிருக்கப் போறேன்னு நீங்க உறுதியா இருந்தா ரிப்பேர் பண்றது அர்த்தமுள்ள செலவு. 2 வருஷத்துல மாத்திடுவேன்னா அர்த்தமில்லை.

250-க்கு 1 லிட்டர் என்ற நிலைக்கு வந்துட்டா, மாசம் ரூ. 2,700, அதோட எந்த நேரத்துலயும் நடுரோட்டுல நிக்கலாம்ங்கிற பயம். இங்கே டாப்-அப் பண்ணிக்கிட்டே ஓட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு ரிப்பேர், இல்லைன்னா உள்ளதைச் சொல்லி வித்துட்டு வெளியே வாங்க.

கவனிச்சீங்களா, வால்வ் சீல்தான் பிரச்சினைன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா இந்தக் கணக்கெல்லாம் வேற மாதிரி வரும். முழு என்ஜின் வேலையில ஒரு சின்ன பங்குதான் அதுக்கு ஆகும். அப்படின்னா தயங்காம பண்ணிடுங்க. அதனாலதான் டெஸ்ட் ரீடிங் ரீடிங்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

ரிப்பேர் பண்ணித்தான் ஆகணும், ஆனா இப்பவே அவசரம் இல்லைன்னா பேங்க்ல மாசம் 2,000 ஒரு ஆர்.டி. போடுங்க. 6.5 சதவீத வட்டின்னா 24 மாசத்துல 51,000 தாண்டிடும். மீதியை ஒரு போனஸ் பார்த்துக்கும். அதுவரைக்கும் டாப்-அப். வட்டி கட்டுற இடத்துல வட்டி வாங்கறீங்க. நடுவுல வண்டியை வித்துட்டாலும் அந்தப் பணம் உங்ககிட்டயே இருக்கும். லோன் எடுத்து ரிப்பேர் பண்ணின வண்டியை வித்தா, வாங்கறவர் "என்ஜின் இறக்கின வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பார், இ.எம்.ஐ. மட்டும் குறையாது.

ஒரு எச்சரிக்கை. டாப்-அப் பண்றோமே, ஆயில் சேஞ்ச் எதுக்குன்னு சிலர் கேட்கிறாங்க. புது ஆயில் கொஞ்சம் சேர்றதால பழைய அழுக்கு எங்கேயும் போகாது, ஃபில்டரும் மாறாது. ஆயில் குடிக்கிற வண்டிக்கு நேரத்துக்கு ஆயில் மாத்தறது இன்னும் முக்கியம், ஏன்னா ரிங் இருக்கிற பள்ளத்துல கரி சேர்றதுதான் பல சமயம் ஆரம்பக் காரணமே.

இன்சூரன்ஸ் வருமா?

வராது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் தராது. என்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் வச்சிருக்கேன்னு சொல்றவங்க பாலிசி வாசகத்தைப் படிங்க. தண்ணி புகுந்தது, அடிபட்டு ஆயில் ஒழுகினது மாதிரி விஷயங்களுக்குத்தான் அது. மெதுவா தேஞ்ச ரிங்குக்கு இல்லை. கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன்ல ஆயில்னு எழுதியிருக்கும், அது விபத்து க்ளெய்ம்ல மாத்துற ஆயில். சொந்த காருக்குச் செலவு பண்ணினதைச் சம்பளக்காரங்க வரியில கழிக்கவும் முடியாது. மொத்தத்துல முழுத்தொகையும் உங்க பாக்கெட்ல இருந்துதான்.

நம்ம ஊர்ப் புழுதி

அரியலூர்க்காரங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர்னு சுத்திச் சுத்தி சிமெண்ட் ஆலைகள், சுரங்கங்கள். இந்தச் சுண்ணாம்புக்கல் பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே இருந்த கடல் விட்டுட்டுப் போனது. வாரணவாசி அருங்காட்சியகமும், ஆலத்தூர் தாலுகா சாத்தனூர் கல்மரமும் அந்தக் காலத்து மிச்சம்தான், பார்க்காதவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க. ஆனா தினமும் லாரிக்குப் பின்னாடி அந்த ரோட்டுல போறவங்களுக்கு அது என்ஜின் சமாச்சாரம். சுண்ணாம்புத் தூள் ஒப்பிட்டா மென்மையானது. அதோட கலந்து பறக்கிற மணல் தூள்தான் சிலிண்டரையும் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத்தை ரோட்டுல காயப் போடுற சீசன்ல பறக்கிறதும் ஏர் ஃபில்டர்லதான் போய் நிக்கும்.

அதைத் தடுக்கிறது சில நூறு ரூபாய் ஏர் ஃபில்டர் மட்டும்தான். மேனுவல்ல இருக்கிற கிலோமீட்டர் சாதாரண ரோட்டுக்கு. புழுதி அதிகமான இடத்துக்கு இன்னும் சீக்கிரம் மாத்தணும்னு அதே மேனுவல்ல வேற பக்கத்துல இருக்கும். சர்வீஸ்ல காத்தடிச்சுத் திரும்பப் போடுறாங்க பாருங்க, அது பேப்பர் ஃபில்டருக்கு நல்லதில்லை. வேகமா அடிச்ச காத்துல கண்ணுக்குத் தெரியாம ஓட்டை விழலாம். சுத்தமா தெரியிற ஃபில்டர் வழியா புழுதி தாராளமா உள்ளே போகும். ஃபில்டர் டப்பாவோட கிளிப் நாலும் மாட்டியிருக்கான்னு நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்க. 400 ரூபாய் மிச்சம் பிடிச்சு 75,000-க்கு வழி பண்ணுற இடம் இதுதான்.

வாங்கும்போதே பார்க்கலாம்

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறவங்க காலையில போங்க, "வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, நான் வந்துடறேன்" என்று போன்லயே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி, முதல் புகையை விட்டுட்டு உங்களுக்காகக் காத்திருக்காங்கன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி கேஜ் கம்பியை எடுங்க. ஆயில் தேன் மாதிரி ரொம்பக் கெட்டியா இருந்தா கேள்வி கேளுங்க, புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊத்துற வழக்கம் உண்டு. சில வாரம் தாங்கும், அதுக்குள்ள ஆர்.சி. உங்க பேர்ல மாறியிருக்கும். ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க சைலன்சர் பக்கம் நில்லுங்க. பி.எஸ். 6 டீசல் வண்டின்னா ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இருக்கான்னும் பாருங்க. சிலதுல டீசல் ஆயிலோட கலந்து அளவு ஏறும், அதுவும் நல்லதில்லை.

டி.என். 46, டி.என். 61 வண்டி, ஒரே ஓனர், டாக்டர் ஓட்டினது என்கிற விளம்பரத்தை எல்லாம் விட, கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு ஓனர் ஒத்துக்கறாரா என்பது உங்களுக்கு நிறைய சொல்லும். செலவு உங்களுதுன்னு சொல்லுங்க. அப்பவும் வேண்டாம்னா அடுத்த வண்டியைப் பாருங்க.

விக்கிறவங்களுக்கும் இதேதான். உங்க நோட்டுல "1,000 கி.மீ.க்கு 600 மில்லி" என்று இருந்தா அதைக் காட்டியே வில்லுங்க, 20,000 குறைச்சுக் கொடுங்க. டெலிவரி நோட்டுல தேதி, நேரம், ஓடோமீட்டரோட "ஆயில் குறைவது தெரிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நம்ம ஊர் சின்ன ஊர். வாங்கினவரை அடுத்த மாசம் பாலக்கரையில டீக்கடையில பார்ப்பீங்க.

நோட்டுக்கு நாலு காலம் போதும்: தேதி, ஓடோமீட்டர், ஊத்தின மில்லி, ரூபாய். போன்ல எழுதினாலும் சரி, டேஷ்போர்டு பெட்டியில ஒரு டைரி வச்சாலும் சரி. மூணு மாசக் கணக்கோட, கம்ப்ரஷன் ரீடிங்கோட, வண்டி வாங்கின வருஷம், இப்போதைய மதிப்பு போட்டு அனுப்புங்க. யூஸ்டு கார் லோன் வட்டி பத்தின அடுத்த வீடியோல அதுல ரெண்டு மூணு கணக்கை எடுத்து, பேர் சொல்லாம, ரிப்பேரா விற்பனையான்னு போட்டுக் காட்டறேன்.